கிளினிக்கல் தொடங்கப்போகும் பிசியோதெரபி மாணவிக்கு

கொழும்பில் பிசியோதெரபி மூன்றாம் வருடம் படிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: அடுத்த மாதம் கிளினிக்கல், அதாவது வைத்தியசாலை வாட்டில் பயிற்சி, தொடங்குகிறது, பாடங்களில் புள்ளி நன்றாகத்தான் வருகிறது, ஆனால் நோயாளிக்கு முன்னால் நின்றால் எல்லாம் மறந்துபோகும் என்று பயம். மெடிசின் கிடைக்காமல்தான் இதற்கு வந்தேன் என்ற உறுத்தல் இன்னும் போகவில்லை. முடித்ததும் வெளிநாடா, அரச வேலையா, ஸ்போர்ட்ஸா என்று இப்போதே முடிவு சொல்லும்படி வீட்டில் நெருக்குகிறார்கள். கிளினிக்கலில் உண்மையில் என்ன மாறும், இலக்கை எப்படி வைத்துக்கொள்வது?

கொழும்பு வைத்தியசாலைகளில் பல வருடமாக இதே வேலையில் இருக்கிறேன், மாணவர்களை வாட்டில் மேற்பார்வை செய்வதும் அதில் ஒரு பகுதி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அந்த மெடிசின் விஷயம். உயர்தரத்தில் பயோ எடுத்து, இசட் ஸ்கோர் கொஞ்சம் குறைந்து, மாவட்டக் கோட்டாவில் தவறி இங்கே வந்தவர்கள் எங்கள் துறையில் நிறையப் பேர், நீங்கள் தனி ஆள் இல்லை. அந்த உறுத்தலைப் புத்திமதி சொல்லிப் போக்க முடியாது. ஆனால் வாட்டில் ஒன்றைப் பார்ப்பீர்கள். வைத்தியர் ரவுண்ட் வரும்போது ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் சில நிமிடம் நிற்பார், அவருக்கு இன்னும் முழு வாட்டும் காத்திருக்கிறது. நீங்கள் அதே நோயாளியுடன் அரை மணித்தியாலம் இருப்பீர்கள், அவரைத் தொட்டு, இருத்தி, எழுப்பி, நடத்துவீர்கள், அவருக்கு இரவில் ஏன் நித்திரை வரவில்லை, மகள் ஏன் இரண்டு நாளாக வரவில்லை என்பதெல்லாம் பெரும்பாலும் உங்களுக்குத்தான் முதலில் தெரியவரும். இந்த வேலை வேறு யாருடைய வேலையின் குறைந்த பதிப்பும் இல்லை. இதை நான் சொல்லி நீங்கள் நம்பத் தேவையில்லை, இரண்டாவது மூன்றாவது வாட்டிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது பயம். அது இருக்கட்டும். கொஞ்சமும் பயமில்லாமல் வரும் மாணவரைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை, ஏனென்றால் பிரஷர் பார்க்காமல் நோயாளியை எழுப்பி நிறுத்துகிறவர் அவர்தான். நாள் கணக்காகப் படுத்திருந்த ஒருவரைத் திடீரென்று எழுப்பினால் மேல் பிரஷர் 20 அல்லது அதற்கு மேல் இறங்கலாம், கண் இருட்டி உங்கள் கையிலேயே சரிந்துவிடுவார். அதனால் படுத்த நிலையில் ஒருமுறை, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இருத்தி ஒருமுறை, நிறுத்தியதும் ஒருமுறை என்று பார்த்துப் பழகுங்கள். சிறுநீர்ப் பை எங்கே தொங்குகிறது, சேலைன் குழாய் நீளம் போதுமா, கட்டில் சக்கரத்தின் பிரேக் போட்டிருக்கிறதா, காலில் வழுக்காத செருப்பு இருக்கிறதா. உங்கள் பயத்தை இந்த மாதிரி வேலைகளுக்குள் திருப்பிவிட்டால் அது உங்களைக் காப்பாற்றும், நோயாளியையும் காப்பாற்றும்.

சரி, உண்மையில் என்ன மாறும்? புதிய டெக்னிக் கொஞ்சம் வரும், கை கொஞ்சம் பழகும், அதெல்லாம் உண்டு. ஆனால் பெரிய மாற்றம் நீங்கள் கேட்கும் கேள்வியில் வரும். கம்பஸில் இருந்து வரும்போது எல்லா மாணவர்களும் ‘இந்த மூட்டுக்கு என்ன செய்ய வேண்டும்’ என்றுதான் கேட்பார்கள். பயிற்சி முடியும்போது ‘இவர் வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டியிருக்கிறது, அதற்குக் குறுக்கே எது நிற்கிறது’ என்று கேட்கத் தொடங்கியிருந்தால் அந்த மாணவர் வளர்ந்துவிட்டார் என்று நான் நினைப்பேன். இதை ஒரு உதாரணத்தோடு சொன்னால்தான் விளங்கும்.

முழங்கால் மாற்று சத்திரசிகிச்சை செய்த ஒரு அம்மா, வயது எழுபதுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவி கோனியோமீட்டரை (மூட்டின் கோணத்தை அளக்கும் கருவி) வைத்து அளக்கிறார்: 85 பாகை மடங்குகிறது, நீட்டும்போது 5 பாகை குறைகிறது. குறிப்பில் ‘மடக்குவதைக் கூட்ட வேண்டும்’ என்று எழுதுகிறார். பிழையில்லை. இப்போது நான் கேட்பேன், அம்மா எத்தனையாவது மாடியில் இருக்கிறார்? தெரியாது. போய்க் கேட்டுவிட்டு வருகிறார்: கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. படியில் கைபிடி எந்தப் பக்கம்? திரும்பவும் போகிறார். ஏறும்போது இடது பக்கம் மட்டும், அதுவும் இரண்டாம் மாடி வரைக்கும்தான். மலசலகூடம் எப்படிப்பட்டது? கொமோட். கிழமையில் எங்கேயாவது போவாரா? செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகாமல் இருந்ததே இல்லை, அங்கே முழந்தாளிட்டுச் செபிப்பார்.

இப்போது அதே 85 பாகைக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. சமதரையில் நடப்பதற்கு முழங்கால் ஏறக்குறைய 60 முதல் 65 பாகை மடங்கினால் போதும், அது அவருக்கு ஏற்கெனவே இருக்கிறது. படி ஏறி இறங்க 80 முதல் 100 வரை வேண்டும், அங்கேதான் தடுக்கும். பதிவான கதிரையிலிருந்து எழும்புவதற்கு 90க்கு மேல் வேண்டும். குந்தி இருக்க 130ஐயும் தாண்ட வேண்டும், கொமோட் இருப்பதால் அது இப்போதைக்குத் தேவையில்லை. முழந்தாளிடுவது பற்றி சத்திரசிகிச்சை செய்த வைத்தியரிடம் கேட்டுத் தெளிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போன முதல் செவ்வாயே அவர் செய்து பார்ப்பார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில் என்று சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது, கைபிடி முடிந்துபோகும் அந்த மூன்றாம் மாடிப் படிகளில் ஊன்றுகோல் எந்தக் கையில் இருக்கும், பின்னால் யார் நிற்பார் என்பது வரை வைத்தியசாலைப் படிக்கட்டிலேயே செய்து பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

அந்த 5 பாகைக் குறையையும் விட்டுவிடாதீர்கள். மாணவர்கள் மடக்குவதைத் துரத்துவார்கள், நீட்டுவதை மறந்துவிடுவார்கள். முழுதாக நீளாத முழங்காலில் நிற்க வேண்டுமென்றால் தொடைத் தசை ஓய்வில்லாமல் வேலை செய்ய வேண்டும், அம்மா நொண்டுவார், சீக்கிரம் களைப்பார். ஏன் நீளவில்லை என்று தேடிக்கொண்டு போனால் பல நேரம் காரணம் கட்டிலிலேயே இருக்கும், நோகாமல் இருக்கட்டும் என்று மகள் பாசத்தில் முழங்காலுக்குக் கீழே மெத்தென்ற தலையணை ஒன்றை இரவு முழுக்க வைத்திருப்பார். அந்தத் தலையணையை குதிகாலுக்குக் கீழே மாற்றி வைத்து, ஏன் மாற்றினேன் என்று மகளுக்கு இரண்டு வசனத்தில் விளங்கப்படுத்தினால், நீங்கள் அன்று செய்த வேலைகளிலேயே பெரிய வேலை அதுவாக இருக்கலாம்.

பாரிசவாத வாட்டிலும் இதே கதைதான், ஆனால் அங்கே கண்ணுக்கு வேலை அதிகம். இடது பக்கம் செயலிழந்த ஐயா ஒருவரைக் கதிரையிலிருந்து எழுப்ப வேண்டும். எழும்பும்போது உடம்பு முழுவதும் வலது பக்கம் சாய்கிறது. மாணவர் உடனே ‘இடது காலில் பலம் இல்லை’ என்று எழுதுவார். கொஞ்சம் பொறுத்து, குனிந்து பாதங்களைப் பாருங்கள். இடது பாதம் முன்னால் நீட்டிக்கொண்டு இருக்கிறது, வலது பாதம் உள்ளே இழுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அப்படி இருந்தால் யார் எழும்பினாலும் பாரம் வலது காலுக்குத்தான் போகும். இடது பாதத்தை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வையுங்கள், வலதைக் கொஞ்சம் முன்னால் விடுங்கள், இடுப்பைக் கதிரை ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள், மூக்கு கால் விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் குனியச் சொல்லுங்கள், பிறகு எழுப்பிப் பாருங்கள். இடது தொடை வேலை செய்வது உங்கள் கைக்கே தெரியும். முழுப் பலமும் வந்துவிட்டது என்று சொல்லவில்லை, இருக்கும் பலத்துக்கு வேலை செய்ய இடம் கிடைத்தது. பார்த்தல் என்பது இதுதான், இது லெக்சரில் வராது, பக்கத்தில் நின்று ‘இன்னொரு தடவை பார்’ என்று யாராவது சொல்லச் சொல்லத்தான் வரும்.

அதே ஐயாவின் தோளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தசை தளர்ந்திருக்கும்போது தோள் மூட்டைப் பிடித்து வைத்திருக்க எதுவும் இல்லாமல் எலும்பு கீழே இறங்கிவிடும், அந்தக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினால் பிறகு மாதக் கணக்கில் தோள் நோவு. வீட்டு ஆட்கள் உதவி என்று நினைத்து முதலில் செய்வது அதைத்தான், ஆளுக்கு ஒரு பக்கம் நின்று கமக்கட்டில் கையைக் கொடுத்துத் தூக்குவார்கள். அவர்களைக் கோபித்துப் பயனில்லை. நீங்கள் ஒரு நாளில் அரை மணித்தியாலம் இருக்கிறீர்கள், மிச்ச நேரமெல்லாம் அவர்கள்தான் இருக்கிறார்கள், அதனால் இடுப்பில் எப்படிப் பிடிப்பது என்று அவர்கள் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்து, அவர்கள் செய்வதை நீங்கள் நின்று பார்த்துவிட்டு வந்தால்தான் உங்கள் சிகிச்சை முடிந்தது. மாணவர்களின் வளர்ச்சியை நான் அளக்கும் இடங்களில் இது ஒன்று: நோயாளியோடு மட்டும் வேலை செய்கிறாரா, நோயாளியின் வீட்டோடு வேலை செய்கிறாரா.

மொழி. இதைத் தமிழ்ப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும். படிப்பு ஆங்கிலத்தில், ஃபைல் ஆங்கிலத்தில், கொழும்பு வாட்டில் காதில் விழுவது பெரும்பாலும் சிங்களம். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்த பிள்ளைகள் நன்றாகப் படித்தும் இதில் ஒதுங்கிப்போய் வாட்டின் மூலையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன், அப்படி நிற்கும் ஒவ்வொரு நாளும் வீண். இலக்கண சுத்தமாகப் பேச வேண்டியதில்லை. ஹுஸ்ம கன்ன (மூச்சை இழுங்கள்), கஹின்ன (இருமுங்கள்), ககுல உஸ்ஸன்ன (காலைத் தூக்குங்கள்), நகிடின்ன (எழும்புங்கள்), ஹெமின் (மெதுவாக), ரிதெனவாத (நோகிறதா), இந்த மாதிரி இருபது முப்பது சொற்களும் சிரித்த முகமும் இருந்தால் முதல் கிழமையைத் தாண்டிவிடலாம், பிறகு நோயாளிகளே உங்களைத் திருத்திப் பேசவைப்பார்கள், அவர்களுக்கும் படுத்துக் கிடந்து பொழுது போக வேண்டும் அல்லவா. அப்புறம் மறுபக்கமும் இருக்கிறது. ஹட்டனிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ மாற்றி அனுப்பப்பட்ட தமிழ் நோயாளி ஒருவர், யார் என்ன சொல்கிறார்கள் என்று விளங்காமல் படுத்திருப்பார். நீங்கள் ‘அம்மா, எங்கே நோகுது?’ என்று கேட்டதும் முகம் மாறும். அந்த இடத்தில் உங்கள் தமிழ் பெரிய மருந்து, ஆனால் ஒரு கவனம்: வைத்தியர் இன்னும் சொல்லாத நோயை நீங்கள் மொழிபெயர்க்கும் சாக்கில் சொல்லிவிடக் கூடாது, எவ்வளவு கெஞ்சினாலும்.

தொடுவதற்கு முன் கேட்பதும் இதோடு சேர்ந்ததுதான். திரையை இழுத்துவிட்டு, என்ன செய்யப்போகிறேன், எங்கே தொடுவேன் என்று சொல்லி, சம்மதம் வாங்கி, சாரத்தையோ சேலையையோ தேவையான அளவுக்கு மட்டும் ஒதுக்கி, மிச்சத்தை மூடி. ஆண் மாணவர்கள் பெண் நோயாளியைப் பார்க்கும்போது தாதி ஒருவரையோ சக மாணவியையோ கூட வைத்துக்கொள்ள வேண்டும். இதில் அவசரம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மேற்பார்வையாளர் ‘ஏன்?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஏன் இந்தப் பயிற்சி, ஏன் பத்துத் தடவை, ஏன் இன்று, ஏன் நேற்று இல்லை. பிள்ளைகள் இதைத் தங்களை மட்டம் தட்டுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் கேட்கும் விதம் கடுமையாகத்தான் இருக்கும், அதை நியாயப்படுத்த மாட்டேன், நோயாளிக்கு முன்னால் மாணவரை அவமானப்படுத்துவது எங்கள் துறையில் ஒழிய வேண்டிய பழக்கம். ஆனால் அந்தக் கேள்வி தேவை. நாரி நோவு என்று கிளினிக்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உடம்பை அசைத்து, பயத்தைக் குறைத்து, பலப்படுத்தினால் சரியாகிவிடும். ஆனால் எப்போதாவது ஒருவர் சிறுநீர் போவது தெரியவில்லை என்பார், தொடை இடுக்கில் மரத்துப்போயிருக்கிறது என்பார், இரண்டு காலும் பலமிழந்து வருகிறது என்பார், அவரைப் பயிற்சி மேசையில் படுக்க வைக்கவே கூடாது, அன்றைக்கே வைத்தியரிடம் அனுப்ப வேண்டும், தாமதித்தால் நரம்பு திரும்பி வராது. காரணமில்லாமல் மெலிந்துகொண்டு வருகிறவர், முன்பு புற்றுநோய் இருந்தவர், காய்ச்சலோடு முதுகு நோகிறவர், படுத்தாலும் குறையாத இரவு நோவு உள்ளவர், இவர்களும் அப்படித்தான். ‘ஏன்’ என்று கேட்டுப் பழகாத ஆள் இந்த ஒருவரையும் மற்றவர்களோடு சேர்த்து ஹீட் வைத்து அனுப்பிவிடுவார்.

நெஞ்சுச் சிகிச்சை, தீவிர சிகிச்சைப் பிரிவு பற்றிக் கொஞ்சம்தான் சொல்லப்போகிறேன், அங்கே ஆரம்பத்தில் நீங்கள் அதிகம் பார்க்கத்தான் வேண்டும். வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவர் தையல் பிரிந்துவிடும் என்ற பயத்தில் இருமவே மாட்டார், சளி தேங்கும். ஒரு தலையணையைத் தையலின் மேல் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு இருமச் சொல்லுங்கள். முடிந்தால் மறுநாளே கட்டிலிலிருந்து இறக்கி இருத்துங்கள். மெஷின் சத்தங்கள் பழகிவிடும்.

பிள்ளைகள் வாட் வேறு உலகம். பொரளை லேடி ரிஜ்வே மாதிரியான இடங்களில் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையோடு வரும் தாய் உங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார், ‘எப்ப நடப்பான்?’ அந்தப் பிள்ளைகளின் அசைவுத் திறனை 5 நிலைகளாகப் பிரித்துப் பார்க்கும் முறையை நீங்கள் படித்திருப்பீர்கள், இரண்டு வயதுக்குள் தானாக இருக்கப் பழகிய பிள்ளைக்குப் பின்னால் நடக்கும் வாய்ப்பு அதிகம் என்பதும் தெரிந்திருக்கும். ஆனால் அந்தத் தாய்க்கு அதை மாணவி ஒருவர் நின்ற நிலையில் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. ‘நிச்சயம் நடப்பான்’ என்ற பொய்யும் கூடாது. அடுத்த மூன்று மாதத்தில் எதை எதிர்பார்க்கலாம் என்று சொல்லலாம், தலையை நிமிர்த்தி வைத்திருப்பது, சாய்ந்து இருந்து ஒரு கையால் விளையாட்டுச் சாமானை எட்டுவது. அதை வீட்டில் எந்த விளையாட்டால் செய்யலாம் என்று காட்டலாம். ராகமை புனர்வாழ்வு வைத்தியசாலையில் முள்ளந்தண்டு அடிபட்ட இளைஞர்களோடு வேலை செய்யும்போதும் இதே பாடம் இன்னும் கடினமாக வரும். நடக்கப்போவதில்லை என்று தெரிந்த ஒருவருக்கு, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறுவதும், புண் வராமல் உடம்பைக் காத்துக்கொள்வதும், வேலைக்குத் திரும்புவதும் எவ்வளவு பெரிய வெற்றி என்பதை நீங்கள் முதலில் நம்ப வேண்டும், உங்கள் முகத்தில் அவர் அதைத்தான் வாசிப்பார்.

மனம் கனத்துப்போகும் நாட்கள் வரும், நேற்று நடத்திய நோயாளியின் கட்டில் இன்று வெறுமையாக இருக்கும். அதை யாரிடமாவது பேசுங்கள், உள்ளே வைத்துப் பூட்டாதீர்கள்.

ஒவ்வொரு நாளும் எல்லாவற்றையும் எழுத முடியாது, ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதுங்கள். என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, நாளைக்கு எதை மாற்றுவேன். பெயர், கட்டில் இலக்கம் எதுவும் வேண்டாம், படமும் எடுக்காதீர்கள். கூடவே ஏதாவது ஒரு அளவை எழுதி வையுங்கள், எத்தனை பாகை, எத்தனை மீற்றர், எத்தனை செக்கன். ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்று எழுதினால் அடுத்த கிழமை உங்களுக்கே அது உதவாது.

இப்போது வீட்டில் கேட்கும் கேள்விக்கு வருவோம். இன்னும் எந்த வாட்டையும் பார்க்காத ஒருவர் வாழ்நாள் முடிவு சொல்ல முடியாது, அதை வீட்டில் அன்பாக ஆனால் உறுதியாகச் சொல்லிவிடுங்கள், நான்காம் வருடம் முடியும்போது சொல்கிறேன் என்று. அதுவரைக்கும் பெரிய இலக்குக்குப் பதிலாக ஒவ்வொரு வாட்டுக்கும் ஒரு சின்ன இலக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் யாராவது பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய மாதிரி. ‘நல்ல பிசியோ ஆக வேண்டும்’ என்பதை யார் அளப்பது? ‘இந்த வாட்டை விட்டுப் போவதற்குள் பாரிசவாத நோயாளி ஒருவரை யாருடைய உதவியும் இல்லாமல் மதிப்பிட்டு, பாதுகாப்பாக எழுப்பி நிறுத்தி, குறிப்பெழுதி முடிப்பேன்’ என்பதை அளக்கலாம். இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள்: வீட்டுக்குப் போனபிறகும் எந்த நோயாளியைப் பற்றி யோசித்துக்கொண்டு இருக்கிறீர்கள்? பஸ்ஸில் வரும்போது எந்த வாட்டைப் பற்றிக் கூட்டாளிகளிடம் கதைக்கிறீர்கள்? சம்பளப் பட்டியலைவிட அதை நான் அதிகம் நம்புவேன், ஏனென்றால் இந்த வேலையில் ஒரே மாதிரியான நாட்கள் நிறைய வரும், அந்த நாட்களையும் விருப்பத்தோடு செய்யக்கூடிய துறைதான் உங்களைத் தாங்கும்.

ஸ்போர்ட்ஸ் என்றால் எல்லோருக்கும் கண் விரியும். கொழும்புப் பாடசாலைகளின் ரக்பி, கிரிக்கெட் பக்கம் வேலை இருக்கிறது, நல்ல வேலைதான். ஆனால் மைதானத்துக்கு ஓடிப்போய் ஐஸ் வைப்பது அதில் மிகச் சின்னப் பகுதி. முழங்காலின் முன் சிலுவை நாண் கிழிந்து சத்திரசிகிச்சை செய்த பதினேழு வயதுப் பையன், ஐந்தாம் மாதத்தில் ஓடுகிறான், நோவில்லை, சனிக்கிழமை மேட்ச். அவன் கேட்பான், கோச் கேட்பார், அப்பாவும் கேட்பார். ஒன்பது மாதத்துக்கு முன் திரும்பி விளையாடினால் மீண்டும் கிழியும் ஆபத்து மிக அதிகம், தொடைப் பலமும் ஒற்றைக் காலில் பாயும் தூரமும் மற்றக் காலின் 90 வீதத்துக்காவது வர வேண்டும் என்று சொல்லி மூன்று பேருக்கும் முன்னால் ‘இல்லை’ என்று நிற்க வேண்டும். அந்தத் துணிவு உங்களிடம் இருக்கிறது என்று பயிற்சியில் தெரிந்தால் தாராளமாகப் போங்கள்.

அரச வேலையில் நோயாளிகளின் வகையும் தொகையும் வேறு எங்கேயும் கிடைக்காது, ஆரம்ப வருடங்களுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. நியமனம் எப்போது வரும் என்று மட்டும் நாள் குறித்துக் காத்திருக்க வேண்டாம், இடையில் தனியார் வைத்தியசாலையிலோ கிளினிக்கிலோ கை விட்டுப்போகாமல் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே வேலை செய்வதென்றாலும் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கள் ஆட்கள் அதிகம் யோசிக்காத ஒரு துறையைச் சொல்கிறேன், முதியவர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஃபிளாட்டுகளைப் பாருங்கள், பிள்ளைகள் லண்டனிலும் டொரன்டோவிலும், அம்மாவும் அப்பாவும் இங்கே தனியே, பார்த்துக்கொள்ள ஒரு ஆள். குளியலறை ஈரத்தில் ஒருமுறை வழுக்கினால் இடுப்பெலும்பு. கதிரையிலிருந்து எழும்பி, 3 மீற்றர் நடந்து, திரும்பி வந்து இருக்க ஒருவருக்கு 12 செக்கனோ அதற்கு மேலோ எடுத்தால் அவர் விழக்கூடியவர் என்று எடுத்துக்கொள்ளலாம், அதற்கு ஒரு கதிரையும் கடிகாரமும்தான் வேண்டும். விழுவதற்கு முன்னாலேயே போய், சமநிலையும் கால் பலமும் கூட்டி, குளியலறையில் கைபிடி பூட்டவைத்து, வழுக்கும் கால்மிதியை எடுத்துவிட்டு, கண்ணையும் மருந்துகளையும் வைத்தியரிடம் காட்டவைத்தால் எத்தனை குடும்பத்துக்கு நிம்மதி. தமிழிலேயே பேசி வேலை செய்யும் பிசியோவுக்கு அங்கே இருக்கும் தேவை மிகப் பெரியது. வடக்கிலும் கிழக்கிலும் யுத்தத்தில் அவயவம் இழந்தவர்களும் முள்ளந்தண்டு அடிபட்டவர்களும் வயதாகிக்கொண்டு வருகிறார்கள், ஒரு பக்கம் செயற்கைக் காலைப் போட்டு வருடக் கணக்காக நடந்ததில் மற்ற நல்ல காலின் முழங்காலும் இப்போது தேய்கிறது. அங்கே போக மனமுள்ளவர்கள் வேண்டும். இதை நெருக்கிச் சொல்ல எனக்கு உரிமையில்லை, ஆனால் உங்கள் பட்டியலில் இருக்கட்டும்.

வெளிநாடு போவதில் தப்பே இல்லை, குடும்ப நிலைமை எல்லோருக்கும் ஒன்றல்ல. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனிப் பதிவு, பிரித்தானியாவில் எச்சிபிசி என்ற பதிவுச் சபை, அவுஸ்திரேலியாவில் எழுத்துப் பரீட்சையும் கிளினிக்கல் பரீட்சையும், கனடாவிலும் முதலில் சான்றிதழ் மதிப்பீடு, பிறகு பரீட்சை. எச்சிபிசிக்கு ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் மொத்தம் 7, எந்தப் பகுதியிலும் 6.5க்குக் குறையக் கூடாது. இப்போதே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, பலர் வருடங்கள் கழித்து இதற்காக அலைகிறார்கள்: எந்தத் துறையில், எத்தனை மணித்தியாலம், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி எடுத்தீர்கள் என்ற பதிவை அந்தந்த வாட்டை விட்டு வரும்போதே கையெழுத்தோடு வாங்கி, பாடத்திட்டப் பிரதியோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். போகாவிட்டாலும் மேற்படிப்புக்கு உதவும்.

கடைசியாக இந்த ஒரு மாதம். புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, வீட்டில் அம்மாவின் தோள், அப்பாவின் முழங்கால், தம்பியின் கணுக்கால் என்று கோனியோமீட்டரை வைத்து அளந்து பழகுங்கள், பெரிய ஆட்களின் கையும் காலும் எவ்வளவு பாரம் என்பது அப்போதுதான் தெரியும். கட்டிலை உயர்த்தாமல் குனிந்து வேலை செய்யும் பழக்கம் இப்போதே வந்துவிட்டால் உங்கள் நாரிதான் முதலில் போகும், அதையும் பாருங்கள். சிங்களச் சொற்களைக் கூட்டாளி ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். முதலில் எந்த வாட்டில் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் எழுதுங்கள் தங்கச்சி, அதற்கேற்ப எதைப் படித்துக்கொண்டு போகலாம் என்று சொல்கிறேன்.